நூலகத்தில் மூன்று மணி நேரம்

(உரைநடை – கடிதம்)

படிக்கும் முன்

கல்லூரியில் படித்துக்கொண்டே, அதே கல்லூரியின் நூலகத்திலோ தோட்டத்திலோ அலுவலகத்திலோ நாள்தோறும் சில மணி நேரம் பணி செய்து பொருளீட்டும் மாணவர் பலர் உளர். அவ்வாறு பணி செய்யும் தமக்கை ஒருத்தி, மும்பையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் தம்பிக்குப் புனேயிலிருந்து எழுதும் கடிதமே இப்பாடம். பாடத்தைத் தொடங்கும் முன்பாக, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் செய்த முதல் வேலை எது, அதற்குக் கிடைத்த கூலியைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

புனே,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை விடுதிக்கு வந்து சேர்ந்தது. தொலைபேசியில் பேசாமல் கடிதம் எழுதியிருக்கிறாயே என்று முதலில் வியந்தேன். படித்த பிறகு காரணம் விளங்கியது. ஒற்றை அறையில் அப்பா தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்க, அம்மா அடுப்படியில் நிற்க, நீ அதை உரக்கப் பேசியிருக்க முடியாது.

உன் நண்பனுடைய அண்ணன் எங்கள் கல்லூரியில் படிப்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்னது உண்மைதான். நான் நூலகத்தில் அலமாரிகளைத் துடைக்கிறேன். நூல்களை அடுக்குகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாத காலம் காலைநேரங்களில் கல்லூரித் தோட்டத்திற்குத் தண்ணீரும் பாய்ச்சினேன். "என் அக்கா அங்கே துப்புரவு வேலை செய்கிறாள் என்று வகுப்பில் நான்கு பேர் நடுவில் கேட்டபோது வாயடைத்து நின்றேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். உன்மேல் சினம் வரவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் செய்யும் வேலை எத்தகையது என்று கேள். எங்கள் கல்லூரியில் 'கமவா வ ஷிகா' என்றொரு திட்டம் உண்டு. மராத்தி உனக்கு என்னைவிட நன்றாக வரும். 'பொருளீட்டு, கல்வி கல்' என்று தமிழில் சொல்லலாம். புனேப் பல்கலைக்கழகம் இத்திட்டத்திற்குக் கர்மவீரர் பாவுராவ் பாட்டீலின் பெயரைச் சூட்டியிருக்கிறது. விண்ணப்பத்துடன் குடும்ப வருமானச் சான்றிதழை இணைத்துக் கொடுத்தால், வகுப்பு நேரம் போக மீதியுள்ள நேரத்தில் ஒரு பணியை ஒதுக்குவார்கள். செய்த மணிகளுக்குக் கணக்கிட்டு மாத முடிவில் வங்கிக் கணக்கில் பணம் வரும். எனக்கு வருவது விடுதி உணவுக் கட்டணத்தில் பாதிக்குச் சற்று மேல். பெரிய தொகை அன்று. ஆயினும் அந்தப் பாதிக்காக அப்பா இரவு பத்து மணிக்கு மேல் விளக்கொளியில் தோல்பை தைக்க வேண்டியதில்லை. கண் மருத்துவர் அவரிடம் என்ன சொன்னார் என்பது உனக்கும் தெரியும்.

மாலை நான்கு மணிக்கு வகுப்பு முடிந்ததும் நூலகத்திற்குச் செல்வேன். வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். முதல் மாதத்தில் இதை ஒரு பொருட்டாக எண்ணாமல் ஆறு நாள்கள் கையெழுத்திட மறந்துவிட்டேன். ஆறு நாள் ஊதியம் போயிற்று. நூலகர் நல்லவர், அவர் கண்ணெதிரில்தான் நான் வேலை செய்தேன். ஆனாலும் "ஏட்டில் இல்லாததை நான் எப்படி எழுதுவேன், மகளே?" என்று கேட்டார். பதினெட்டு மணி நேர உழைப்பை ஒரு பேனாமுனைச் சோம்பலுக்குக் கொடுத்தேன். அதன்பின் இன்றுவரை ஒரு நாளும் மறந்ததில்லை.

மாணவர்கள் திருப்பித் தந்த நூல்கள் ஒரு தள்ளுவண்டியில் குவிந்திருக்கும். அவற்றைப் பகுப்பெண் வரிசைப்படி பிரித்து, உரிய அடுக்கில் வைக்க வேண்டும். இது எளிய வேலை என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாம் வாரமே மாட்டிக்கொண்டேன். இயற்பியல் நூல்கள் 530 என்னும் எண்ணில் தொடங்கும். குவாண்டம் இயக்கவியலுக்கு 530.12, திண்மம், நீர்மம் போன்ற பொருள்நிலைகளுக்கு 530.4. நான்கைவிடப் பன்னிரண்டு பெரியது என்று எண்ணி, 530.4 என்று எழுதிய நூல்களை முன்னாலும் 530.12 என்று எழுதியவற்றைப் பின்னாலும் அடுக்கிவிட்டேன். ஒரு அலமாரி முழுவதும் அப்படியே. மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி இரண்டு நாள்களாக ஒரு நூலைத் தேடி, அது காணாமற்போயிற்று என்று எழுதிக் கொடுத்த பிறகே என் பிழை வெளிப்பட்டது. நீ இப்போது சிரிப்பாய். புள்ளிக்குப் பின்வரும் எண்ணை இலக்கம் இலக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது உன் ஆறாம் வகுப்புக் கணக்கு. இயற்பியல் படிக்கும் நான் அதை மறந்தேன்! அன்று எட்டரை மணிவரை இருந்து அந்த அலமாரியை மீண்டும் அடுக்கினேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை ஏட்டில் எழுதவில்லை.

இந்தப் பகுப்பு முறையை உருவாக்கியவர் யார் தெரியுமா? மெல்வில் தூயி என்னும் அமெரிக்கர். அவர் ஆம்கர்ஸ்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே அக்கல்லூரியின் நூலகத்தில் உதவியாளராகப் பணி செய்தவர். நூல்கள் ஒழுங்கின்றிக் கிடந்ததைக் கண்டு, எல்லா அறிவுத்துறைகளையும் பத்துப் பத்தாகப் பிரித்து எண் கொடுக்கும் முறையைச் சிந்தித்தார். அது 1876ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. உலகம் முழுவதும் எத்தனையோ நூலகங்கள் இன்றும் பின்பற்றும் ஒரு முறை, ஒரு மாணவனுடைய பகுதிநேர வேலையிலிருந்து பிறந்திருக்கிறது. தள்ளுவண்டியைத் தள்ளும்போது சில வேளைகளில் இதை நினைத்துக்கொள்வேன்.

நம்மவர் ஒருவரும் இத்துறையில் உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வந்த புதிதில் அந்த வேலை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. மீண்டும் வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். பின்னர் இங்கிலாந்து சென்று பயின்று வந்து, 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும் 1933இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். படிப்பவருடைய நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்பது அவ்விதிகளில் ஒன்றன் கருத்து. அந்த மூன்றாமாண்டு மாணவியின் இரண்டு நாள்களை வீணாக்கிய எனக்கு, அதைப் படித்தபோது முகம் சுட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள், யாரும் செல்லாத கோடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மராத்தி இலக்கியத்திற்கு 891.46. அதைத் தாண்டிச் சென்றால் 894. அங்கே கீழ்த்தட்டில் தூசு படிந்து ஏழு நூல்கள் இருந்தன. முதுகில் 894.811 என்று எழுதியிருந்தது. எடுத்துப் பார்த்தேன், தமிழ் நூல்கள்! யார் வாங்கி வைத்தார்களோ, எந்த ஆண்டில் வாங்கினார்களோ. ஒன்றன் பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. அன்று ஒன்றை என் பெயரில் எடுத்து வந்தேன். இப்போது நான்காவது நூலில் இருக்கிறேன். நீ உன் வகுப்பில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்தபோது, "மும்பையில் இது எதற்கு?" என்று கேட்டவள் நான். அக்கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இனி, பாவுராவ் பாட்டீலைப் பற்றி. மகாராஷ்டிரத்தில் வளரும் நீ அவரைச் சிலையாக மட்டும் அறிந்திருந்தால் போதாது. அவர் 1887இல் கோலாப்பூர்ப் பகுதியிலுள்ள கும்போஜ் என்னும் ஊரில் பிறந்தார். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பள்ளியின் வாசலையே காணாத காலம் அது. 1919இல் சாத்தாரா மாவட்டத்துக் காலே என்னும் சிற்றூரில் 'ரயத் சிட்சண் சன்ஸ்தா' என்னும் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். 'ரயத்' என்றால் குடியானவர். 1924இல் சாத்தாரா நகரில் ஒரு மாணவர் விடுதி அமைத்தார். அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே பந்தியில் உண்டனர். 1927இல் காந்தியடிகள் அவ்விடுதிக்கு வந்து, அதற்குச் சாகு மகாராசரின் பெயரைச் சூட்டினார்.

விடுதிப் பிள்ளைகளிடம் கட்டணம் கட்டப் பணம் இல்லை, கைகள் இருந்தன. அவர்களே சமைத்தனர், தண்ணீர் சுமந்தனர், நிலத்தில் உழைத்தனர். உழைத்தவர் உண்டனர், உண்டவர் படித்தனர். விடுதியில் தானியம் தீர்ந்த நாள்களில் பாவுராவின் மனைவி இலட்சுமிபாய் தம் நகைகளை விற்றார். இறுதியில் தாலியையும் விற்றார். இதை எங்கள் நூலகர் சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது. அவருடைய தாத்தா அந்த விடுதியில் படித்தவராம். 1947இல் சாத்தாராவில் சத்திரபதி சிவாஜி கல்லூரி தொடங்கப்பட்டபோது, உழைத்துக் கற்கும் முறை கல்லூரிக் கல்விக்கும் வந்தது. பாவுராவ் 1959இல் மறைந்தார். அந்நிறுவனத்தின் சின்னம் ஆலமரம்.

கடல் கடந்தும் இம்முறை உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்றொரு கல்லூரி 1855ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படிக்கலாம் என்ற கொள்கையோடு எழுந்த கல்லூரி அது. 1904இல் அம்மாநில அரசு ஒரு சட்டம் இயற்றி, கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே இடத்தில் படிக்கவிடாமல் பிரித்தது. 1950இல்தான் அத்தடை தளர்ந்தது. அக்கல்லூரியில் 1892 முதல் கற்பிப்புக் கட்டணம் இல்லை. அதற்கு ஈடாக, அங்குள்ள ஒவ்வொரு மாணவரும் வாரத்திற்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியில் பணி செய்ய வேண்டும். துடைப்பம் கட்டுவோர், தறி நெய்வோர், மரவேலை செய்வோர், அலுவலகத்தில் எழுதுவோர் எனப் பலர். பிற்காலத்தில், 1964இல், அந்நாட்டு அரசே ஏழை மாணவர்களுக்குப் படிப்போடு வேலை தரும் திட்டத்தைச் சட்டமாக்கியது. வெளிநாட்டிலிருந்து அங்கே படிக்கச் செல்லும் மாணவர்கள், வகுப்புகள் நடைபெறும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பதும் விதி.

பெரியாவைப் பற்றிப் படித்தபோது என்னை ஈர்த்தது துடைப்பமோ தறியோ அன்று. 'ஒவ்வொரு மாணவரும்' என்ற சொற்களே. அங்கே வேலை செய்பவர், செய்யாதவர் என்ற பிரிவு இல்லை. துடைப்பம் பிடித்தவனைப் பார்த்துச் சிரிக்க ஒருவனும் மிச்சமில்லை. எங்கள் கல்லூரியில் அப்படி இல்லை. ஆண்டு விழா மேடையில், "உழைத்துக் கற்பதே உயர்வு" என்று பேசுவார்கள். நாங்கள் கை தட்டுவோம். ஆனால் மாலை முழுவதும் படிக்க நேரம் கிடைத்த மாணவனும், ஏழு மணிக்குக் கால் வலியோடு விடுதிக்குத் திரும்பும் நானும் ஒரே வினாத்தாளுக்குத்தான் விடை எழுதுகிறோம். மேடையில் இருப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நீ இதை ஒரு வீரச்செயலாக எண்ணி மயங்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

முதல் பருவத்தில் நான் மிகவும் இடர்ப்பட்டேன். பணம் சிறிது கூடுதலாக வருமே என்று, நூலகத்தோடு ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் வேலையையும் ஏற்றுக்கொண்டேன். ஒருநாள் கணித வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்தபடியே உறங்கிவிட்டேன். செய்முறைத் தேர்வின் நேரம் மாற்றப்பட்டதை அறிவிப்புப் பலகையில் பார்க்கவும் தவறினேன். வேறொரு நாளில் தனியே அத்தேர்வை எழுத அனுமதி கேட்டு, துறைத்தலைவரின் அறைவாசலில் தலைகுனிந்து நின்றேன். அவர் அனுமதித்தார். கூடவே, "இரண்டு வேலைகளில் ஒன்றை இன்றைக்கே விட்டுவிடு, படிப்பை விடுவதற்கு முன்னால் விடு" என்றார். ஆய்வக வேலையை விட்டேன்.

ஆகவே, நாளை நீயோ உன் நண்பர்களோ கல்லூரியில் இத்தகைய பணியை ஏற்பதானால், சேரும் நாளிலேயே சிலவற்றைக் கூச்சமின்றிக் கேட்டுவிடுங்கள். வகுப்பு நேரத்தோடு வேலை நேரம் மோதினால் என்ன செய்வது? தேர்வு மாதத்தில் மணிகளைக் குறைத்துக்கொள்ளலாமா? ஊதியம் எந்தத் தேதியில் வரும்? யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும்? கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று நான் கேட்காமல் இருந்தேன். கேட்டவர்களை ஒருவரும் தவறாக நினைக்கவில்லை. வேலைக்கென எழுதப்படாத சொந்த அலுவல் எதையாவது யாரேனும் ஏவினால், மறுக்கவும் உரிமை உண்டு. என்னோடு பணி செய்யும் தோழி ஒருத்தியிடம் ஓர் அலுவலர் தம் வீட்டுக்குக் காய்கறி வாங்கி வரச் சொன்னார். "ஐயா, அது ஏட்டில் வராதே" என்றாள் அவள். அவ்வளவுதான்; அவர் மறுபடியும் கேட்கவில்லை. அவளுடைய துணிவு எனக்கு வர இன்னும் நாளாகும்.

இப்போது உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திற்கு வருகிறேன். "நீ அங்கே கஷ்டப்பட வேண்டாம் அக்கா. நான் பத்தாம் வகுப்போடு நின்று, மாமாவின் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன். நீ வேலையை விட்டுவிட்டுப் படி" என்று எழுதியிருக்கிறாய். இந்த இடத்தில் என் கண்கள் கலங்கின என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நீ இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றென்று எண்ணிவிட்டாய்.

அப்பா திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. பட்டறையில் காலை எட்டு மணிக்கு ஊசியில் நூல் கோத்தார். "இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு, பணம் சேர்த்து, திரும்பிப் போய்ப் பள்ளியில் சேருவேன் என்று அன்று நினைத்திருந்தேன்" என்று ஒருமுறை சொன்னாரே, நினைவிருக்கிறதா? நாம் இருவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. என் வேலை ஏழு மணிக்கு முடிகிறது. முடிந்ததும் என் புத்தகம் மேசையில் காத்திருக்கிறது. அவர் வேலை முடிந்ததும் காத்திருப்பதற்கு அவரிடம் புத்தகம் இல்லை. நான் படிப்பதற்காக வேலை செய்கிறேன். நீ வேலைக்காகப் படிப்பை நிறுத்துவேன் என்கிறாய். நீ அனுப்பும் பணத்தில் நான் பட்டம் பெற்றால், அந்தப் பட்டத்தை எந்தச் சுவரில் மாட்டுவேன்?

கணக்கையும் பார்த்துவிட்டேன். வரும் பருவத்திற்கான தேர்வுக் கட்டணத்தைக் கட்டியாயிற்று. பிற்பட்ட வகுப்பினருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வந்தால் இரண்டு மணிநேர வேலை போதும். நீ பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்பதைப் பற்றி மட்டும் இப்போது யோசி. அதற்கும் எனக்கும் நிறையப் பேச்சு இருக்கிறது.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குச் சினம் வராததற்குக் காரணம், உனக்கு முன்பே நான் வெட்கப்பட்டேன் என்பதுதான். வேலையில் சேர்ந்த முதல் வாரம், என் வகுப்புப் பெண்கள் நூலகத்தினுள் வருவதைக் கண்டதும் துடைக்கும் துணியைப் பின்னால் மறைத்து, நூல் தேட வந்தவள்போல் நின்றேன். அவர்களில் ஒருத்தி அருகில் வந்து, "மேல்தட்டில் உள்ளதை எடுக்க ஏணி வேண்டும், தருகிறாயா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. யாருக்கும் அது ஒரு செய்தியாகவே இல்லை. நான்தான் ஒரு வாரமாகத் துணியை மறைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே மறைப்பதை விட்டேன், வீட்டில் விடவில்லை. அப்பாவிடம், "கல்லூரியில் உதவித்தொகை கிடைக்கிறது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓராண்டு ஆயிற்று. அவர் அதைப் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். உழைத்து வாங்கும் பணத்தை உதவி என்று பொய் சொன்னவள் நான். நீயாவது நடந்ததைக் கேட்டு வருந்தினாய். நான் அவருக்கு வருந்துகின்ற வாய்ப்பையும் கொடுக்கவில்லை. எனவே நீ அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். உன் நண்பனிடமும் எதையும் மறுக்க வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை முதல் வண்டியில் வருகிறேன். தாதரில் இறங்கி, மாட்டுங்காவில் அம்மாவுக்கு மல்லிகை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் வந்துவிடுவேன். அப்பாவைக் கடைக்குப் போகவிடாமல் ஏதேனும் காரணம் சொல்லி இருத்தி வை. என் வருகைப் பதிவேட்டின் படியைக் கொண்டுவருகிறேன். கணக்கு எழுதுவதில் அவர் கண்டிப்பானவர். ஒவ்வொரு கையெழுத்தையும் பார்க்கட்டும். அந்த 894.811 நூல்களில் ஒன்றும் உனக்காக என் பையில் இருக்கும். பதினைந்து நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அட்டையை மடக்காதே.

அன்புடன்,
உன் அக்கா.

சொல்லும் பொருளும்

தமக்கை – அக்கா
பொருளீட்டுதல் – பணம் சம்பாதித்தல்
பகுப்பெண் – நூலின் துறையைக் காட்டும் எண்
குடியானவர் – உழவுத் தொழில் செய்பவர்
பந்தி – வரிசையாக அமர்ந்து உண்ணும் இடம்
இடர்ப்பட்டேன் – துன்பப்பட்டேன்
படி – நகல்
இருத்தி வை – போகாமல் இருக்கச் செய்

இலக்கணம் அறிவோம்

'துடைத்தல்', 'அடுக்குதல்', 'கற்றல்' ஆகிய சொற்கள் செயலின் பெயராக மட்டும் நிற்கின்றன. செய்தவர் யார், எப்போது செய்தார் என்பதை இவை காட்டுவதில்லை. இவை தொழிற்பெயர்கள்.

'உழைத்தவர் உண்டனர், உண்டவர் படித்தனர்' என்னும் தொடரைப் பாருங்கள். 'உழைத்தவர்' என்பது உழைப்பு என்ற செயலைக் குறிக்காமல், அச்செயலைச் செய்த ஆளைக் குறிக்கிறது; இறந்த காலத்தையும் காட்டுகிறது. 'உழைக்கின்றவர்' நிகழ்காலத்தையும், 'உழைப்பவர்' எதிர்காலத்தையும் காட்டும். இவை வினையாலணையும் பெயர்கள். 'உழைப்பவர்' என்னும் வடிவம் வழக்கத்தைக் குறிக்கவும் வரும்.

பயிற்சி

1. கீழ்க்காணும் வினாக்களுக்கு ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
அ) ஆறு நாள் ஊதியத்தை அக்கா ஏன் இழந்தாள்?
ஆ) 'ரயத்' என்னும் சொல்லின் பொருள் யாது?
இ) சாத்தாரா விடுதியில் பிற விடுதிகளில் காணப்படாத எந்த வழக்கம் இருந்தது?
ஈ) எட்டரை மணிவரை செய்த வேலையை அக்கா ஏட்டில் எழுதாதது ஏன் என்று கருதுகிறீர்கள்?

2. பின்வரும் பகுப்பெண்களை நூலக அடுக்கில் வைக்கும் வரிசையில் எழுதுக. எழுதியதும் அருகிலிருப்பவரின் விடையோடு ஒப்பிடுக.
894.811, 530.4, 891.46, 530.12, 894.9, 530

3. பின்வரும் மரபுத்தொடர்களைச் சொந்த வாக்கியங்களில் அமைக்க.
வாயடைத்து நிற்றல், தலைகுனிதல், முகம் சுடுதல்

4. பின்வரும் வினைகளுக்குத் தொழிற்பெயரும் இறந்தகால வினையாலணையும் பெயரும் எழுதுக.
படி, எழுது, கேள், சுமந்து செல்

5. ஏறத்தாழ நூறு சொற்களில் விடை எழுதுக.
அ) 'நான் படிப்பதற்காக வேலை செய்கிறேன். நீ வேலைக்காகப் படிப்பை நிறுத்துவேன் என்கிறாய்' என்று அக்கா கூறுவதன் பொருளை விளக்குக. அவள் கூற்றில் உங்களுக்கு உடன்பாடு இல்லையெனில் காரணத்துடன் எழுதலாம்.
ஆ) எல்லா மாணவரும் வேலை செய்யும் கல்லூரிக்கும், சிலர் மட்டும் வேலை செய்யும் கல்லூரிக்கும் உள்ள வேறுபாடாக அக்கா எதைக் குறிப்பிடுகிறாள்?

6. இருவர் சேர்ந்து செய்க.
ஞாயிறு காலை பத்து மணி. அக்கா வருகைப் பதிவேட்டின் படியை அப்பாவின் முன் வைக்கிறாள். அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பன்னிரண்டு வரிகளுக்குள் எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக. முதல் வரியை அப்பா பேசட்டும்.

7. உங்கள் பள்ளி நூலகத்தில் தமிழ் நூல்கள் எந்த அலமாரியில் உள்ளன என்று நூலகரிடம் கேட்டறிக. ஒரு நூலை உங்கள் பெயரில் எடுத்து, அதன் பகுப்பெண்ணையும் அதற்கு முன் கடைசியாக அது எடுக்கப்பட்ட தேதியையும் இப்பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைக்க.